கேக்கை வெட்டும்போது அலற ஆள் வேண்டும்

ரீபே, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகன் தோர்கிலுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம்தான், அவருடைய முழங்கால் மட்டும் மழை வருவதற்கு முன்னாலேயே மழையைச் சொல்லிவிடுகிறது. பெர்கனில் நீயும் தங்கை சிக்னேவும் வேளைக்குச் சாப்பிட்டு நலமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன், இவ்வளவு தூரத்திலிருந்து வேறென்ன செய்ய. போனில் சொல்லலாம் என்றால் நீ எடுக்கும்போதெல்லாம் அவள் பக்கத்திலேயே நிற்கிறாள், அதனால்தான் கடிதம்.

அடுத்த வாரச் சனிக்கிழமை அவளுக்குப் பதினைந்து முடிகிறது, வீட்டை விட்டு உன்னிடம் வந்தபின் முதல் பிறந்தநாள். நீங்கள் இரண்டு பேர் மட்டும் சின்னதாகக் கொண்டாடுவது என்று பேசி வைத்திருந்தோம். அவளும் உன்னிடம் "அண்ணா, யாரையும் கூப்பிடாத, எனக்கு ஒண்ணும் வேணாம்" என்றாளாமே. உன் அப்பா சும்மா இருந்தாரா? எனக்குத் தெரியாமல் அவளுடைய புது வகுப்பாசிரியைக்கு எழுதி, வகுப்பிலுள்ள பெண்கள் அத்தனை பேரையும் உன் வீட்டுக்கு அழைத்துவிட்டார். அவளுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று! நேற்று சூப் குடிக்கும்போது சர்வசாதாரணமாகச் சொல்கிறார். ரெண்டு பேரைக் கூப்பிட்டால் போதாதா என்று கேட்டேன். "அதெப்படி போடில், கூப்பிட்டா எல்லாப் பொண்ணுங்களையும் கூப்பிடணும், இல்லன்னா ஒருத்தியையும் கூப்பிடக் கூடாது, காலங்காலமா அதானே நம்ம முறை" என்கிறார். முறையாம் முறை. போன வருஷமும் அந்த முறைப்படிதானே செய்தோம். நீ அப்போது கப்பலில் இருந்தாய், கேள்விப்பட்டதோடு சரி, நான் கண்ணால் பார்த்தவள். நீளமேசையில் பன்னிரண்டு தட்டு, ஒவ்வொன்றின் பக்கத்திலும் குட்டிக் காகிதக் கொடி. ஒருத்தியும் வரவில்லை. அதே நாள் வேறொருத்தி வீட்டில் எல்லாரும் கூடியிருந்தார்களாம். சிக்னே அழுதிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். சத்தம் வராமல் தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து அலமாரியில் வைத்தாள். அந்தக் குளிர்காலம் முழுக்கப் பள்ளிக்கூடம் போகமாட்டேன் என்று போர்வைக்குள் கிடந்தாள், அதனால்தானே மனசைக் கல்லாக்கிக்கொண்டு உன்னிடம் அனுப்பினோம். இப்போதுதான் உன்னோடு மீன் சந்தைக்கு வருகிறாள், சிரிக்கிறாள் என்று எழுதியிருந்தாய். இன்னொரு தடவை அப்படி நடந்தால் அந்தப் பிள்ளை தாங்குமா? சூடு கண்ட பூனை அடுப்பங்கரைப் பக்கம் போகாது என்பார்கள், உன் அப்பா என்னடாவென்றால் அவளைத் தூக்கிக்கொண்டுபோய் அடுப்பிலேயே உட்கார வைக்கிறார்.

ஆசிரியைக்குப் போன் போட்டேன். "தனித்தனியா சொல்லிட்டேன், வர்றதும் வராததும் அவங்க இஷ்டம்" என்கிறார். இதை வைத்துக்கொண்டு எத்தனை பேருக்கு மாவு பிசையச் சொல்வேன்? வரவேண்டாம் என்று இனிமேல் சொன்னாலும் பள்ளிக்கூடத்தில் அவள் தலைதான் உருளும். ஆகவே இந்தக் கடிதம் கிடைத்த அன்றே அவளிடம் சொல்லிவிடு. ஆச்சரியமும் வேண்டாம் ஒன்றும் வேண்டாம், தெரிந்தே நிற்கட்டும். பழியை அப்பா மேல் போடு, அவர் தாங்குவார்.

அவள் வேண்டாம் என்றாலும் கேக் பெண்ணைச் செய்துவிடு. மாவைப் பெண் உருவமாக வெட்டி, தலைமுடிக்குக் கறுப்பு அதிமதுர மிட்டாய் ஒட்டு, பார்சலில் அனுப்பியிருக்கிறேன், பாதியை நீயே தின்றுவிடாதே. கழுத்து ஒல்லியாக இருக்கட்டும். காகிதக் கொடிகளும் அந்தப் பார்சலிலேயே இருக்கின்றன. பிறந்தநாள்காரி கேக் பெண்ணின் கழுத்தில் கத்தி வைக்கும்போது சுற்றி நிற்பவர்கள் நம் வழக்கப்படி தொண்டை கிழிய அலற வேண்டுமே, அதுதான் என் கவலையெல்லாம். போன வருஷத்துக் கேக் பெண்ணின் கழுத்தை யாரும் வெட்டவே இல்லை, காய்ந்துபோனபின் பறவைகளுக்குப் பிய்த்துப் போட்டேன். ஒருத்தரும் வராவிட்டால் நீ ஒருவன் எவ்வளவு அலறுவாய், உன் குரல் சின்ன வயதிலிருந்தே கிணற்றுக்குள்ளிருந்து வருகிற குரல்.

இதைச் சொல்லித்தான் அப்பாவைத் திட்டினேன். எழுந்து போய்விட்டார். இன்று காலை சைக்கிள் கொட்டகையிலிருந்து பயங்கரமான சத்தம், என்னவோ ஏதோ என்று ஓடினேன். கதவைச் சாத்திக்கொண்டு அவர்தான் அலறிப் பழகிக்கொண்டிருந்தார். தேவாலயத்தில் பாடும்போதுகூட உதட்டை மட்டும் அசைக்கிற மனிதர்! முகமெல்லாம் சிவந்து, "போன்ல கேக்குமா போடில்? அங்க யாரும் வரலேன்னா என் சத்தமாவது அவளுக்குக் கேக்கணும்ல" என்றார். நானும் பக்கத்தில் நின்று அலறிப் பார்த்தேன். எதிர்வீட்டு இங்கெர் ஜன்னலைத் திறந்து "அடக் கடவுளே, யாரு செத்துட்டா?" என்று கேட்டாள். விஷயத்தைச் சொன்னதும், "அப்போ சனிக்கிழமை போன்ல அலற நானும் வர்றேன், என் தொண்டைக்கு என்ன குறைச்சல்" என்றாள். ஆகவே கேக்கை வெட்டும்போது எங்களுக்குப் போன் போட்டு, அதைக் கேக்கின் பக்கத்திலேயே வை. சிக்னே இங்கே இல்லாவிட்டாலும், ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் ஏற்றுவதுபோல் தோட்டத்துக் கம்பத்தில் அன்று காலை கொடி ஏறும் என்றும் அவளிடம் சொல்.

கடவுள் உங்கள் இரண்டு பேருக்கும் துணையிருக்கட்டும், என் கண்ணுகளா, ஒருவரையொருவர் விட்டுக்கொடுக்காமல் இருங்கள். ஒன்றை மட்டும் மறந்துவிடாதே. தட்டுகளை முன்கூட்டியே மேசையில் பரப்பாதே. உன்னுடையது ஒன்று, அவளுடையது ஒன்று, அவ்வளவுதான். மற்றவை அலமாரியிலேயே இருக்கட்டும், கதவு தட்டத் தட்ட ஒவ்வொன்றாக எடுத்து வை. அவள் திரும்ப எடுத்து வைக்கும்படி ஒரு தட்டுகூட இருக்கக் கூடாது.

வாசலைப் பார்த்தபடி இங்கே உட்கார்ந்திருக்கும்,
உன் அம்மா போடில்