மீட்டர் காட்டிய பூஜ்யம்

அக்டோபர் 5, சனி

பூம்பாறை போய் வந்தேன். எங்கள் பள்ளி விடுதிக்குக் காய்கறி கொண்டுவரும் கதிர்வேலின் வீடு. பள்ளி நூலகத்தில் வேலை பார்க்கும் நான் பேய்ப் புகார்களை விசாரிக்கும் குழுவிலும் இருக்கிறேன் என்று யாரோ அவரிடம் சொல்லியிருக்கிறார்கள்.

அவர் மனைவி புவனாவுக்கு மதிய வேளையில் பின்னறையில் ஒரு பெண் தெரிகிறாள். ஈரச் சேலை, முகம் தெளிவில்லை. கதிர்வேலின் இறந்துபோன முதல் மனைவிதான் என்கிறது ஊர். மாமியார் காளியாயி அதை நம்பவில்லை. தனிக்குடித்தனம் போக மருமகள் போடும் வேஷம் என்கிறார்.

"மிசினு வச்சுப் பாக்கட்டும். ஒண்ணுமில்லைன்னா இவ வடகவுஞ்சிக்கு ஆத்தா வீட்டுக்குப் போயிரட்டும்." புவனாவும் அங்கேதான் நின்றிருந்தாள்.

பின்னறையை ஒட்டிப் பூண்டு அறை, நடுவில் பலகைத் தடுப்பு. உத்தரம் கரி பிடித்துக் கிடந்தது. பூண்டு கெடாமலிருக்கப் புகை போடுவீர்களா என்று கேட்டேன். போடுவோம் என்றார்கள். புகையில் வரும் விஷவாயுவை அளக்கும் கார்பன் மோனாக்சைடு மீட்டரைப் பின்னறையில் வைத்தேன். பூஜ்யம்.

புவனா ஒன்றுதான் கேட்டாள். "நான் சொல்றதையும் எழுதிக்கிருவீகளா டீச்சர்?"

எழுதிக்கொண்டேன்.

அக்டோபர் 9

அந்தப் பெண் தெரியும்போதெல்லாம் புவனாவுக்குத் தலைபாரம், குமட்டல், நெஞ்சில் யாரோ உட்கார்ந்த மாதிரி. படித்ததெல்லாம் விஷவாயு என்றே சொல்கிறது; அது இல்லாத உருவத்தைக்கூடக் கண்ணுக்குக் காட்டுமாம். மீட்டர் இல்லை என்கிறது. எதை நம்புவது?

அக்டோபர் 19, சனி

மீண்டும் பூம்பாறை. முதல் முறை போலவே முந்தின நாள் போன் செய்துவிட்டுப் போனேன். வாசல் தெளித்து, ஜன்னல்களெல்லாம் திறந்து, அவித்த உருளைக்கிழங்கும் காப்பியும் வைத்திருந்தார்கள். இரண்டு மணி நேரம் அளந்தேன். பூஜ்யம், பூஜ்யம். அன்று புவனாவுக்கும் ஒன்றும் தெரியவில்லையாம். காளியாயி என்னைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் பிடிக்காதது சான்றாகுமா?

அக்டோபர் 24

விஷவாயு எதுவும் இல்லை என்று கதிர்வேலுக்கு அறிக்கை அனுப்பிவிட்டேன். 'மனஅழுத்தம் காரணமாக இருக்கலாம்' என்ற வரியைச் சேர்த்தது எங்கள் குழுத் தலைவர் சேனாதிபதி சார். நான் அதை அடிக்கவில்லை. அடிக்க என்னிடம் காரணம் இல்லை என்று நினைத்தேன். அவளைப் பார்த்தபோது அப்படித் தோன்றவில்லை என்பது ஒரு காரணமில்லையா?

நவம்பர் 1

முட்டைக்கோஸ் மூட்டையை இறக்கியபடியே கதிர்வேல் சொன்னார். புவனாவை அனுப்பிவிட்டார்களாம்.

"அம்மா அந்தத் தாளக் காட்டிப் பேசுனாங்க டீச்சர். நான் என்னத்தச் சொல்ல?"

பொய் சொல்கிறாள் என்று நான் எங்கே எழுதினேன்? திரும்பத் திரும்பப் படித்தேன். எழுதவில்லை. ஆனால் அப்படித்தான் படிக்க முடிகிறது.

நவம்பர் 2, சனி

காளியாயியிடம் நேரில் பேசிப் பார்க்கலாம் என்று சொல்லாமல் பஸ் ஏறினேன். போனபோது மதியம் ஒன்று.

வாசலிலேயே கண் எரிந்தது. பூண்டு அறையில் பச்சை விறகு புகைந்துகொண்டிருந்தது. பின்னறைக்குள் போய் மீட்டரைப் போட்டேன். அறுபது, நூறு, நூற்று அறுபது. அலறத் தொடங்கியது. காளியாயி குடத்தோடு ஓடிவந்து தீயை அணைத்தார். அவருக்கு மீட்டரைப் பற்றிக் கவலையில்லை, என்னைப் பற்றித்தான்.

"வர்றேன்னு ஒரு வார்த்த சொல்லிருக்கக் கூடாதா டீச்சரம்மா? போன ரெண்டு தடவையும் வெள்ளனே அணைச்சு வீட்டக் காத்தாட விட்டுல்ல வச்சோம். வந்த ஆளு கண்ணுல பொகைய அடிக்கிறதா?"

போன வருஷம் ஓட்டுக் கூரையை மாற்றித் தகரம் போட்டிருக்கிறார்கள். அதற்கு முன் புகை ஓட்டு இடுக்கில் வெளியேறியிருக்கும். எல்லோரும் காட்டு வேலைக்குப் போன பிறகு, புகை போட்டுவிட்டுப் பின்னறையில் பூண்டுக் கட்டு கட்டுகிறவள் புவனா மட்டும்.

எனக்காக வீட்டைச் சுத்தம் செய்தார்கள். நான் அந்தச் சுத்தத்தை அளந்துவிட்டு வந்திருக்கிறேன். எப்போது புகை போடுவீர்கள் என்ற ஒரு கேள்வி — கேட்டிருந்தால்!

நவம்பர் 3, ஞாயிறு

வடகவுஞ்சி. புவனாவிடம் எல்லாம் சொன்னேன். தப்பு என்னுடையது என்றும் சொன்னேன். சந்தோஷப்படுவாள் என்று ஏன் எதிர்பார்த்தேன்?

"அப்ப நான் பொய் சொல்லலைன்னு மிசினு சொல்லிருச்சு." பிறகு, "அது சொல்லலைன்னா?" என்றாள்.

நவம்பர் 4

புதிய அறிக்கை. முதல் வரி: முந்தைய இரு அளவீடுகளும் செல்லாது. சேனாதிபதி சார் 'வருந்துகிறோம்' போதுமே என்றார். போதாது என்றேன்.

நவம்பர் 12

கதிர்வேல் பூண்டுக்குப் புகை போடுவதை வெளிக் கொட்டகைக்கு மாற்றிவிட்டார். புவனாவை அழைத்துவரக் காளியாயியே போனாராம். அங்கே இருவரும் என்ன பேசினார்கள் என்று கதிர்வேலுக்குத் தெரியவில்லை.

நவம்பர் 24, ஞாயிறு

சந்தையில் மாமியாரும் மருமகளும் ஒரே சாக்கில் உட்கார்ந்து பூண்டு விற்றார்கள். காளியாயி எனக்கு இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தார். தலைவலி எப்படி என்று புவனாவைக் கேட்டேன். போயிருச்சு என்றாள்.

"மத்தது?"

காளியாயி ஒருவருக்கு எடை போடத் திரும்பும்வரை காத்திருந்தாள்.

"எப்பயாச்சும் வரும் டீச்சர். இப்பல்லாம் யார்ட்டயும் சொல்றதில்ல."

எத்தனை மணிக்கு, அறையில் எந்த இடத்தில், அப்போது வேறென்ன நடந்தது — கேள்விகள் எல்லாம் வாய்வரை வந்தன. மீட்டரும் பையில்தான் இருந்தது. அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பையைத் திறக்காமல் பக்கத்தில் உட்கார்ந்தேன். வெகுநேரம் கழித்து, அந்த ஈரச் சேலைப் பெண்ணைப் பற்றி அவளாகவே சொல்ல ஆரம்பித்தாள்.