பன்னிரண்டு எம்.எம். தகடு

கார்தோனா, 2003 ஆகஸ்ட் 17

அன்பு மகள் யானினாவுக்கு அப்பா எழுதுவது. கடல் தாண்டி வீகோவில் நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். இங்கே அம்மா சுகம், கோழிகள் சுகம், நானும் சுகம் என்று எழுதப் போனால் கை வரமாட்டேன் என்கிறது, அதனால் அதை விட்டுவிடுகிறேன். இந்தக் குளிர்காலம் உறைபனி கடுமை, எலுமிச்சை மரம் ஒரு பக்கம் கருகிவிட்டது, அம்மா அதற்குச் சாக்கு சுற்றிக் கட்டியிருக்கிறாள். சீமைமாதுளைப் பாகில் இரண்டு கட்டி உனக்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறாள், அந்தப் பக்கம் யாராவது வந்தால் கொடுத்துவிடுவாள். நீ ஞாயிறுதோறும் கூப்பிடும்போது அம்மா பக்கத்தில் நிற்கிறாள், நீயும் நிமிடத்தை எண்ணிக்கொண்டு பேசுகிறாய், அதையே சாக்காக வைத்து நான் தப்பித்துக்கொண்டு வருகிறேன். இனி தப்பிக்க முடியாது என்பதால் எழுதுகிறேன்.

உன் ஞானத்தகப்பன் ஒலெகாரியோ டிராக்டருக்கு முன்னால் மாட்டித் தீவனம் அள்ளும் இரும்புப் பக்கெட் ஒன்று என்னிடம் கேட்டான் அல்லவா, அதைப் பற்றித்தான். "ஆறு எம்.எம். தகடு போதும்டா தார்தோ, வண்டியும் கிழடு, ஓட்டுறவனும் கிழடு" என்று அப்போதே சொன்னான். நான் கேட்கவில்லை. நாலு வருடம் முன்பு நான் செய்த ஒரு பக்கெட் கல்லில் இடித்து அடி வளைந்தது உனக்கு நினைவிருக்கும். அன்றிலிருந்து கிளப்பில் சீட்டு ஆடுகிறவனெல்லாம் "தார்தோ, எங்க வீட்டுக்கு ஒரு கேக் தட்டு செஞ்சு தாயேன்" என்று என்னைக் கிண்டல் செய்துகொண்டிருந்தான். அது வளைந்தது தகட்டின் கனத்தால் இல்லை. அடியில் முட்டுப்பட்டை வைக்கச் சோம்பல்பட்டு விட்டேன், அது எனக்கு மட்டும்தான் தெரியும். இந்த முறை ஒருவனும் வாயைத் திறக்கக் கூடாது என்று, இடித்துப்போட்ட எண்ணெய்த் தொட்டியின் பன்னிரண்டு எம்.எம். தகட்டை வெட்டி, அடி, முதுகு, பக்கம் எல்லாவற்றுக்கும் அதையே போட்டேன். தேய்கிற வாய்விளிம்புக்குத்தான் கனம் வேண்டும், மற்ற உடம்புக்கு ஆறும் முட்டும் போதும் என்பது பட்டறைத் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் எடைக் கணக்குப் போட்டுப் பழகிய உனக்கே தெரியும். அதனால்தான் போனில் நீ "எத்தனை எம்.எம். போட்டீங்கப்பா" என்று கேட்டபோது ஆறு என்று புளுகினேன்.

ஜூன் மாதம் மழை விட்ட மறுநாள் ஒலெகாரியோ ஈரத் தீவனத்தை வழிய வழிய அள்ளி, உயரத் தூக்கிப் பிடித்தபடி கறவைக் கொட்டகைச் சரிவில் இறங்கியிருக்கிறான். வண்டியின் பின்னால் பாரம் எதுவும் இல்லை. முன்பக்கம் இழுத்த இழுப்பில் பின் சக்கரங்கள் தரையை விட்டுவிட்டன, அந்த வண்டிக்கோ பிரேக் பின் சக்கரத்தில் மட்டும்தான். மிதித்திருக்கிறான், எங்கே நிற்கும்? பள்ளத்தில் போய்ச் சாய்ந்து அவன் கால் இரண்டு இடத்தில் முறிந்தது. சத்தம் கேட்டு முதலில் ஓடினவன் நான். சேற்றில் முன் சக்கரத் தடம் ஆழமாகக் கிடந்தது, பாதிச் சரிவுக்குப் பிறகு பின் சக்கரத் தடமே இல்லை. பார்த்த உடனே எனக்குப் புரிந்துவிட்டது.

அன்று சாயங்காலம் கிளப்பில் எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். மளிகைக்கடை ரொசேந்தோ "பக்கெட்டு உன்னோடதுதானே?" என்றான். அவ்வளவுதான் கேட்டான். என் வாயோ "பக்கெட்டுல என்னய்யா குறை? மத்தியானம் ஊத்திட்டு ஏறினா வண்டி எப்படி நிக்கும்?" என்றது. வேலிக்கு ஓணான் சாட்சி, என் பக்கெட்டுக்கு என் வாய் சாட்சி. பதினோரு வருடமாக ஒரு சொட்டுத் தொடாதவனைப் பற்றி அப்படிச் சொன்னேன் மகளே. அவன் விட்ட நாளிலிருந்து அவன் எதிரில் நானும் தொட்டதில்லை. பேச்சு என்னை முந்திக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டது. தெரெசிதா முத்தமிடுவது போலக் குனிந்து புருஷனின் வாயை முகர்ந்து பார்த்தாளாம், அவனுக்கும் புரிந்து, அந்த வலியிலும் வாயைத் திறந்து ஊதிக் காட்டினானாம். தெரெசிதாவே அம்மாவிடம் சொல்லி அழுதிருக்கிறாள். அதைக் கேட்டும் நான் சும்மா இருந்தேன். அதே பொய்யை அடுத்த ஞாயிறு உன்னிடமும் சொன்னேன், நீ அவன் மகள் ஃபியோரெல்லாவிடம் "எங்கப்பா பொய் சொல்ல மாட்டாரு" என்று சண்டை போட்டாய், சின்ன வயதிலிருந்து உன்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்த பெண், அத்தனை தூரத்து ஊரில் உன்னோடு ஒரே அறையில் இருந்தவள், பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள். எனக்கு வெட்கமாக இருக்கிறது. வேறு வார்த்தை தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை.

போன வியாழன் அந்தப் பக்கெட்டைச் சந்தைக்கு இழுத்துப் போய் மாட்டுத் தராசில் ஏற்றினேன். எடை போடுகிறவன் "என்ன தார்தோ, சினையா இருக்கா?" என்று சிரித்துவிட்டு, முந்நூற்று இருபத்தாறு கிலோ என்று சத்தமாகப் படித்தான். அந்த டிராக்டர் தூக்குவதே அறுநூறு, அதில் பாதிக்கு மேல் என் வீம்புதான் தொங்கியிருக்கிறது. நின்றவர்கள் எல்லோரிடமும் அவன் குடிக்கவில்லை, நான் பொய் சொன்னேன், தப்பு இந்த இரும்பில்தான் என்று சொன்னேன். ஒருவரும் சிரிக்கவில்லை, சிரித்திருந்தால் தேவலை. அங்கிருந்து நேராக ஒலெகாரியோ வீட்டுக்குப் போனேன். கட்டுப் போட்ட காலை நாற்காலியில் நீட்டிக்கொண்டு, ஒரே குடுவையில் எல்லோருக்கும் முறைவைத்துக் கொடுக்கும் மாத்தே தேநீரை ஊற்றிக்கொண்டிருந்தான். முழுக்கக் கேட்டுவிட்டு, "ஊருக்குச் சொல்லிட்ட, சரி. ஊரா எனக்குச் சோறு போடுது? எம் பொண்ணு ரெண்டு மாசமா ஒவ்வொரு வாட்டியும் போன்ல, சத்தியமா குடிக்கலையேப்பான்னு கேக்குறா. அவளுக்கு யாரு சொல்றது?" என்றான். என் முறை வந்தபோது மாத்தேயை என்னைத் தாண்டித் தெரெசிதாவிடம் நீட்டினான். முப்பது வருடத்தில் அவன் என்னைத் தாண்டியது இதுவே முதல் தடவை.

புதுப் பக்கெட் முடிந்துவிட்டது. உடம்பு ஆறு எம்.எம்., வாய்விளிம்பு பதினாறு, அடியில் நாலு முட்டு, மொத்தம் நூற்றுத் தொண்ணூறு கிலோ, தராசில் வைத்துப் பார்த்துத்தான் அனுப்பினேன். வழக்கமாக மூலையில் வெல்டிங்கில் போடும் என் பெயரெழுத்தைப் போடவில்லை. நீ செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. ஃபியோரெல்லா எங்கே இருக்கிறாள் என்று தேடிப் பிடித்து இந்தக் கடிதத்தை அவள் கையில் கொடு. நீ படித்துக் காட்டாதே, அப்பாவுக்காக ஒரு வரியை விழுங்கிவிடுவாய். நீ செய்த பிழை அப்பனை நம்பியது மட்டும்தான், அதற்கும் சேர்த்து நான்தான் மன்னிப்புக் கேட்க வேண்டும், கேட்கிறேன்.

ஈரக் காலோடு வேலைக்குப் போகாதே, அம்மா பின்னிய கம்பளிக் காலுறையைப் போட்டுக்கொள். கன்னி மரியாள் உங்கள் இருவரையும் ஒரே கூரையின் கீழ் காக்கட்டும். இது கிடைத்ததும் வருகிற ஞாயிறு நம் வீட்டுக்குக் கூப்பிடாதே, முதலில் ஒலெகாரியோ வீட்டுக்குக் கூப்பிட்டு ஃபியோரெல்லாவிடம் போனைக் கொடு. அவள் தன் அப்பாவிடம் கால் எப்படி இருக்கிறது என்று கேட்கட்டும், மாடுகளைப் பற்றிக் கேட்கட்டும். அந்த ஒரு கேள்வியை மட்டும் இனிமேல் கேட்க வேண்டாம்.

இப்படிக்கு,
தலை குனிந்து நிற்கும் உன் அப்பா,
தார்தோ