கம்பிக்குக் கீழே முக்கால் அங்குலம்

17-9-2005, சனி

பெருமுக்கலில் நான் கட்டும் வீட்டுக்கு இன்று கதவு, ஜன்னல்களுக்கு மேலே லிண்டல் போட்டிருக்க வேண்டும். மணல் லாரி வரவில்லை. டிரைவரின் மச்சான் வீட்டில் காதுகுத்தாம். ஊரில் எல்லாக் காதும் என் வேலைநாளில்தான் குத்தப்படுகிறது. மாலையில் மலர்கொடி வந்தாள். தீபாவளிக்குத் தைக்க இப்போதே துணி குவிகிறதாம். புருஷன் விட்டுவிட்டுப் போனபின் என் தங்கை இப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

20-9, செவ்வாய்

நேற்றுப் பகல் உப்பு வியாபாரி சடையப்பன் கட்டடத்தில் தீ. கீழே அவர் உப்பு பாக்கெட் போடும் இடம். கோணிப்பையும் பிளாஸ்டிக் கவரும் தளத்தை முட்ட அடுக்கியிருந்தார்கள். மாடியில் மலரின் தையல் வகுப்பு. அவளும் பன்னிரண்டு பெண்களும் வெளிப்படிக்கட்டில் இறங்கித் தப்பிவிட்டார்கள். இரண்டு மணி நேரம் எரிந்தது. கட்டடம் நிற்கிறது. தொண்ணூற்று நான்கில் நான் போட்ட தளம். டீக்கடையில், "தட்சணாமூர்த்தி கட்டினதுப்பா, எரிஞ்சும் அசையல பாரு" என்றார்கள். சந்தோஷமாக இருந்தது. அதையும் ஒளிக்காமல் எழுதுகிறேன்.

22-9, வியாழன்

சடையப்பன் கூப்பிட்டுப் போனேன். சுத்தியலால் அடியிலிருந்து தட்டிப் பார்த்தேன். ஓரங்களில் கணீரென்றது. நடுவில் தொப் தொப்பென்று செத்த சத்தம். நடுப்பகுதியில் கான்கிரீட் தட்டுத் தட்டாக உதிர்ந்து, கம்பி வரிசையாகத் தெரிந்தது.

கம்பிக்குக் கீழே முக்கால் அங்குலம் கான்கிரீட் இருக்க வேண்டும். நெருப்பு வந்தால் கம்பிக்குப் போர்வை அதுதான். இங்கே கால் அங்குலம்கூட இல்லை. ஏன் இல்லை என்று எனக்குத் தெரியும். அன்று மழை இருட்டிக்கொண்டு வந்தது. கம்பியை அடியிலுள்ள அச்சுத் தகட்டிலிருந்து தூக்கி வைக்கிற சிமெண்டு வில்லைகள் பாதியில் தீர்ந்துபோயின. கம்பி கட்டும் ஆள் பாவாடை, "கவர் பிளாக் இல்ல சார், இன்னா பண்றது?" என்று கேட்டான். "கொட்டுடா, பாத்துக்கலாம்" என்றேன்.

"இன்னா மூர்த்தி, தாங்குமா?" என்றார் சடையப்பன்.

"பூசிட்டா போதுங்க."

என் வாய்தான் சொன்னது.

1-10, சனி

பூச்சு முடிந்தது. ஆயுத பூஜை வருகிறது, கரி படிந்த இடத்தில் விளக்கேற்றக் கூடாது என்று சடையப்பன் உடனே சுண்ணாம்பும் அடித்துவிட்டார். பாலைப் போல வெள்ளை. என் தப்பு தெரியவே தெரியாது. விஜயதசமி அன்று மலர் புது வகுப்பு தொடங்குகிறாள்.

3-10, திங்கள்

பாண்டிச்சேரி போனேன். பாலிடெக்னிக்கில் கூடப் படித்த ஆரோக்கியராஜ் அங்கே கட்டுமானப் பொருள் சோதிக்கும் இடத்தில் இருக்கிறான். பூச்சுக் கனம் பார்க்க எடுத்து வைத்திருந்த கான்கிரீட் சில்லு ஒன்றைக் காட்டினேன். வெளுத்த செங்கல் மாதிரி லேசான சிவப்பு. நான் ஏதோ செங்கல் தூசு என்று நினைத்திருந்தேன்.

"தூசு இல்லடா. முந்நூறு டிகிரி தாண்டினா ஜல்லியும் மணலும் இப்படிச் செவக்கும். அதுக்கு மேல கான்கிரீட் தேறாது. உன் கம்பி முறுக்குக் கம்பியா?"

"ஆமா."

"சாதாக் கம்பின்னா ஆறினதும் பலம் ஓரளவுக்குத் திரும்பும். முறுக்குக் கம்பிக்கு முறுக்கினதுலதான் பலமே. நெருப்புல நல்லா காய்ஞ்சா அது போயிடும், ஆறினாலும் வராது. விழலன்னா நல்லா இருக்குதுன்னு அர்த்தமில்லடா மூர்த்தி."

பாரம் ஏற்றிப் பார்க்கச் சொன்னான். கவர் பிளாக் விஷயத்தை அவனிடமும் சொல்லவில்லை.

9-10, ஞாயிறு

வெள்ளிக்கிழமை மாடியில் நூற்று நாற்பது உப்பு மூட்டை அடுக்கினோம். பாரத்துக்கு இந்த ஊரில் பஞ்சமா? மூட்டை எழுபத்தைந்து கிலோ. கீழே சவுக்குக் கொம்புகளை முட்டு நிறுத்தி, தளத்துக்கு இரண்டு அங்குலம் இடைவெளி விட்டேன். தொய்ந்தால் தெரியும், விழுந்தால் தாங்கும். ஒரு நாள் முழுக்க வைத்து நேற்று இறக்கினோம். தளம் பதினான்கு மில்லிமீட்டர் தொய்ந்திருந்தது. தொய்வதில் தப்பில்லை. பாரம் போனதும் ஒரு நாளில் முக்கால்வாசி மேலே திரும்ப வேண்டும்.

இன்று அளந்தேன். ஆறுதான் திரும்பியிருக்கிறது. மூன்று முறை அளந்தேன். ஆறுதான்.

10-10, திங்கள்

சடையப்பனிடம் மாடியைப் பூட்டச் சொன்னேன். அவர் வேறொரு எஞ்சினியரைக் கூட்டிவந்தார். அந்த ஆள் சுண்ணாம்பைப் பார்த்தார், முட்டுக் கொம்புகளைப் பார்த்தார், "பேஷா இருக்குதுங்க" என்று போய்விட்டார். பத்து நிமிஷம் இருக்கும்.

மலரிடம் சொன்னேன். கத்தரிக்கோலைக் கீழே வைக்காமலே கேட்டாள்: "நீதானண்ணா பூசிட்டா போதும்னு சொன்ன? இப்ப இன்னா புதுசா?"

பதில் இருந்தது. சொல்லவில்லை. சொன்னால் மரக்காணத்தில் எவன் எனக்குத் தளம் கொடுப்பான்? சீ, இதுவா இப்போது கணக்கு? பதின்மூன்று பேர். அதில் ஒருத்தி என் கூடப் பிறந்தவள்.

12-10, விஜயதசமி

காலை ஒன்பதுக்கே போய்ப் படிக்கட்டை மறித்து நின்றேன். பெண்கள் பொரியும் பழமும் கொண்டுவந்திருந்தார்கள். மலர் கடைசியாக வந்தாள். சடையப்பனும் நின்றார். எல்லோர் காதிலும் விழும்படி சொல்லிவிட்டேன். கம்பிக்கு அடியில் வைக்க வேண்டியதை வைக்காமல் கான்கிரீட் கொட்டினேன், மழைக்குப் பயந்து. நெருப்பு நேரே கம்பியில் பட்டிருக்கிறது. தெரிந்துதான் பூசி மறைத்தேன். இந்த மாடியில் இனி யாரும் உட்காரக் கூடாது.

உப்பளத்தில் வேலை செய்யும் பொன்னி, "அப்ப தீப்புடிக்கறதுக்கு முன்னாடியும் அது மேலதான சார் நாங்க குந்திக்கினு இருந்தோம்?" என்றாள்.

ஆமாம் என்றேன்.

சடையப்பன் கத்துவார் என்று நினைத்தேன். சாவியை என் கையில் போட்டுவிட்டுப் போய்விட்டார். மிஷின்களை ஒவ்வொன்றாக நானும் பெண்களும் இறக்கினோம். மலர் என் பக்கம் திரும்பவே இல்லை.

30-10, ஞாயிறு

மாதா கோயில் கொட்டகையில் வகுப்பு நடக்கிறது. கோயில் பொறுப்பாளர் சவரிமுத்து இடம் கொடுத்தார். வகுப்புக்கு இடமில்லாத நாள்களில் தீபாவளித் துணி பாதி திரும்பிப் போய்விட்டது. மலர் என்னோடு பேசுவதில்லை.

14-11, திங்கள்

பெருமுக்கல்காரர் வேறு ஆளை வைத்துக்கொண்டார்.

27-11, ஞாயிறு

விடாத மழை. உப்பளம் எல்லாம் ஏரி. கட்டடம் நிற்கிறது. "ஒண்ணும் ஆவாத கட்டடத்துக்கு இன்னா கூத்து" என்று டீக்கடையில் என் காதுபடவே பேசினார்கள். விழுந்து தொலைக்கட்டும் என்று ஒரு கணம் நினைத்தேன். என்ன மனுஷன் நான்!

19-1-2006, வியாழன்

உப்பு சீசனுக்குப் புதுக் கோடவுன் வேண்டும் என்று சடையப்பன் இடிக்கச் சம்மதித்தார். இடிப்பவர்கள் தளத்தில் ஏறப் போனார்கள். நான் விடவில்லை. நான் விட்ட இரண்டு அங்குல இடைவெளி போய், மழையில் தொய்ந்த தளம் முட்டுகளின் மேலேயே உட்கார்ந்திருந்தது. வெளியே நின்று கயிறு கட்டி முட்டுகளை இழுக்கச் சொன்னேன். "பயந்தாங்கொள்ளி" என்று சிரித்தார்கள். நடுவரிசையில் நாலாவது கொம்பு சரிந்தது.

தளம் நடுவில் மடிந்து அப்படியே இறங்கியது. யாரும் சம்மட்டியைத் தொடக்கூட இல்லை. தூசு அடங்க நேரமாயிற்று. மணி பார்த்தேன், பதினொன்று. வகுப்பு நடக்கிற நேரம்.

திரும்பினால் மலர் நிற்கிறாள். எப்போது வந்தாளோ தெரியாது. மிஷின்கள் இருந்த மூலையை விரலால் ஒவ்வொன்றாகக் காட்டி, எந்த இடத்தில் யார் உட்காருவார்கள் என்று தனக்குத்தானே பேர் சொல்லிக்கொண்டிருந்தாள். பன்னிரண்டு பேர் சொல்லி முடித்ததும் என்னைப் பார்த்தாள்.

"அண்ணா, அந்த வருஷம் இன்னும் எத்தினி வீட்டுக்குத் தளம் போட்ட?"

22-1-2006, ஞாயிறு

பிரம்மதேசம். குப்பம்மாள் வீடு. தொண்ணூற்று நான்கு, அதே மழை மாதம். எங்களைப் பார்த்ததும் அந்த அம்மாவுக்கு அவ்வளவு சந்தோஷம். "நீ கட்டின வீடுப்பா, ஒரு சொட்டு ஒழுவல" என்று சொல்லி மோர் கொண்டுவந்தார்கள். சமையலறைத் தளத்தில் விறகுப் புகை கறுப்பாக அப்பிக் கிடந்தது.

மோரைக் குடிக்காமல் கீழே வைத்தேன். "ஆத்தா, மொதல்ல ஒரு விஷயம் சொல்லணும்" என்று ஆரம்பித்தேன். சொல்லி முடிக்கும்வரை மலர், தளத்தைத் தட்டிப் பார்க்கக் கொண்டுபோன ஏணியைப் பிடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றாள்.

இன்னும் எட்டு வீடு.