ரஹீம் கட்டிய வெள்ளைத் துணிகள்

அன்புக்குரிய என் மச்சான் ரஹீமுக்கு,

திருப்பிக் கேட்க நீ இல்லை என்ற துணிச்சலில்தான் இதை எழுதுகிறேன். நீ உயிரோடு இருந்த கடைசி எட்டு மாதமும் உன்னோடு முகம் கொடுத்துக் கதைக்காதவன் நான். இப்போது நாலு பேர் படிக்கிற இடத்தில் உனக்குக் கடிதம் எழுதுகிறேன். உன்னைப் பற்றி நாலு பேர் கேட்கப் பேசியவன், இதையும் நாலு பேர் கேட்கத்தானே சொல்ல வேண்டும்?

முதலில் ஊர்ப் புதினம். இந்த முறை மாரி பிந்தித்தான் வந்தது. குளத்தில் பட்டமரங்களின் இடுப்பளவுக்குத் தண்ணீர் நிற்கிறது. வீட்டுத்திட்டத்தில் உனக்குக் கிடைத்த வீட்டுக்கு உன் பெண்சாதி ஜெசீமா யன்னல் போட்டுவிட்டாள். உன் ஆடுகள் ஒன்பதாகிவிட்டன. அதில் ஒன்று போன மாதம் என் வேலிக்குள் பூந்து முருங்கைக் கன்றைக் கடித்துவிட்டது. உன் ஆடு என்பதால் அதுவும் ஏதோ திட்டத்தோடுதான் வந்தது என்று நினைத்தேன். என் புத்தி அப்படி.

நாம் இருவரும் ஒரே குளத்தின் இரண்டு பக்கத்தார். முஸ்லிம்களான உங்கள் ஆட்கள் எல்லோரும் ஊரை விட்டுப் போக வேண்டி வந்தபோது நீ புத்தளத்தில் போய் இருபது வருசம் இருந்தாய். நான் கடைசிச் சண்டையில் ஓடி, முகாமில் இருந்து, வெறுங்கையோடு திரும்பி வந்தேன். நீயும் வந்தாய். குளக்கட்டில் உன்னைக் கண்ட அன்று இருவரும் கட்டிப்பிடித்து அழுதது உனக்கு நினைவிருக்கும். நல்லாய்த்தான் தொடங்கினோம்.

குளத்துக்கு மேலே என் மேட்டுக்காணி உனக்குத் தெரியும். இரண்டு ஏக்கர். எள்ளும் பயறும் போட்ட நிலம். ஓடின ஓட்டத்தில் அதன் பத்திரம் தொலைந்தது. வந்து பார்த்தபோது பற்றைக்காடு மூடிக் கிடந்தது. பிரதேச செயலாளரின் கந்தோரில் கேட்டால் கொப்பியைப் புரட்டிவிட்டு, இப்போதைக்கு அது அரச காணிதான், விசாரணைக்குக் கூப்பிடும்வரை பொறுங்கோ என்றார்கள். அதை விட்டால் எனக்கு ஒரு முழம் நிலம் இல்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் கொழும்புக் கம்பனி வந்தது. குளத்து ஓரத்தில் கூடாரம், மூன்று நாள் காடு, யானை, படகு என்று வெளிநாட்டாரைக் கூட்டிவரப் போகிறார்களாம். கம்பனி வந்து மூன்றாம் மாதம் நீ அதில் வழிகாட்டி. ஒரு நாள் காலை நீ மனேச்சரோடு என் காணி ஓரமாக நடந்து, கையை நீட்டி நீட்டி ஏதோ காட்டிக்கொண்டு போனதைக் கண்டேன். பின்னாலேயே வந்து கேட்டேன்.

"ஒண்டுமில்லை மச்சான். ஆனைத் தடம் காட்டினனான்" என்றாய். மனேச்சர் பக்கத்தில் நின்றான்.

அந்தப் பக்கம் யானைத் தடமே இல்லை. எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். இருவரும் சின்ன வயதிலிருந்து தேன் எடுக்கவும் மாடு தேடவும் திரிந்த காடு அது. நீ பொய் சொல்கிறாய் என்று அந்த இடத்திலேயே விளங்கியது. சொந்த ஊர்க்காரன் காணியை வந்தவனுக்குக் காட்டிக் கொடுக்கிறவன் வேறு என்ன சொல்லுவான் என்று நினைத்தேன். அன்றோடு கதை நின்றது.

உன்னோடுதான் நின்றது. மற்றவர்களோடு நிற்கவில்லை. தேத்தண்ணிக் கடையில் சொன்னேன். சங்கக்கடை வரிசையில் சொன்னேன். "ரஹீம் கம்பனிக்குக் காணி பிடிச்சுக் குடுக்கிறான்" என்று சொல்லச் சொல்ல எனக்கே அது உறுதியாகிக்கொண்டு வந்தது.

பிறகு ஒரு நாள் விடியச் சுபஹு தொழுகை முடித்து வந்து, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கதிரையில் இருந்தவன், அப்படியே போய்விட்டாய். உன் மையத்தை அடக்கும் இடத்துக்கு வந்தேன். உங்கள் ஆட்கள் என்னையும் மூன்று பிடி மண் போடச் சொன்னார்கள். போட்டேன். அந்த மண்ணைக் கையில் அள்ளும்போதும், இவன் எங்கேயாவது கையெழுத்து வைத்துவிட்டுப் போயிருப்பானோ என்றுதான் யோசித்தேன். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

உன் நாற்பதாம் நாள் கழிந்த பிறகு மனேச்சர் என் வீட்டுக்கு வந்தான். மூன்று நாள் பயணத்துக்கு ஆள் இல்லையாம், காடு தெரிந்தவன் நான்தானாம். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தேன். ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால்தானே நீ செய்துவைத்த வேலை தெரியும்? ஓம் என்றேன். வேவு பார்க்கத்தான் போனேன்.

மச்சான், அந்தக் கூடாரத்தைக் கூடாரம் என்று சொன்னது யார்? முகாமில் தறப்பாளுக்குக் கீழே கிடந்தவனுக்கு அதைப் பார்க்கத் தலை சுற்றியது. பலகைத் தரை, வெள்ளை மெத்தை, சுடுதண்ணி வரும் குழாய். குளிப்பதற்கு உள்ளே ஒரு பெரிய தொட்டி. வெளியே ஒரு குளமே கிடக்கிறது. வந்தவர்கள் நாலு வெள்ளைக்காரர். நல்ல சனம்தான், சிரித்த முகம். நான் அவர்களையும் நம்பவில்லை. நிலம் பார்க்க வந்தவர்களாக இருந்தால்?

முதல் நாள் படகு. மிதக்கும் சட்டையை எனக்கும் மாட்டிவிட்டார்கள். பிறந்ததிலிருந்து நீந்துகிற குளத்தில் செம்மஞ்சள் சட்டையோடு நான் இருந்த கோலத்தை நீ பார்த்திருக்க வேண்டும். பட்டமரங்களுக்குள்ளால் படகு போக, கூழைக்கடாக்கள் எழும்பிப் பறக்க, அவர்கள் படம் எடுத்தார்கள். நான் மட்டும் கரையில் என் காணியைத் தேடினேன். பற்றை ஓரத்து மரங்களில் வெள்ளையாக ஏதோ தொங்கியது.

இரண்டாம் நாள் விடியக் காட்டுக்குள் நடந்தோம். காட்டு வாசலில் நான் வழமைபோல ஒரு குழை முறித்து மரத்தடியில் ஐயனாருக்குப் போட்டேன். என்னோடு சாப்பாட்டுப் பெட்டி தூக்கி வந்த சமையல்காரர், பேசாலைச் சூசை அண்ணன், நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டார். நீ இருந்திருந்தால் பிஸ்மில்லா சொல்லியிருப்பாய்.

யானைகள் பின்னேரம் வந்தன. அக்கரையில், அவை எப்போதும் இறங்குகிற துறையில். பதினொன்று. குட்டி ஒன்று தாயின் காலுக்குள் நின்று தண்ணீரை அடித்து விளையாடியது. வந்த பெண் ஒருத்தி சத்தமில்லாமல் அழுதாள். நாம் இருவரும் அதே துறைக்கு எதிரே மரத்தில் ஏறி மூச்சு விடாமல் இருந்த நாட்கள் நினைவுக்கு வந்தன. அப்போதும் உன் மேல் கோபமாகத்தான் இருந்தேன். கோபத்தோடு ஒருவனைத் தேடுவது எவ்வளவு கஷ்டம் தெரியுமா?

திரும்பும்போது அவர்களைக் கூடாரத்தில் விட்டுவிட்டு, வெளிச்சம் இருக்கும்போதே தனியாக என் காணிப் பக்கம் போனேன். வெள்ளைத் துணிகள். மரத்துக்கு மரம், என் எல்லையைச் சுற்றி, ஒன்றும் தவறாமல். நீ உடுத்த பழைய சாரத்தைக் கிழித்துக் கட்டியிருந்தாய். அந்தத் துணியின் கரையை நான் அறிவேன். இந்த ஊரில் சண்டைக்குப் பிறகு மரத்தில் நிறம் கண்டால் ஒன்று கண்ணிவெடி, அல்லது அளவைக்காரன். சிவப்பு என்றால் வெடி. இது வெள்ளை. அப்போ என் காணியை அளந்து கட்டி வைத்துவிட்டுத்தான் செத்திருக்கிறாய். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். பத்திரம் தொலைந்த நாளிலிருந்து நான் அரண்டவன். ஒவ்வொன்றாக அவிழ்த்தேன். முடிச்சு இறுகியதைக் கத்தியால் அறுத்தேன்.

மூன்றாம் நாள் காலை, வந்தவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருக்க மனேச்சர் என்னிடம் வந்தான்.

"அண்ணன், ரஹீம் நானா கட்டின துணியெல்லாம் எங்க போச்சு?"

"நான்தான் அவிட்டனான். என்னத்துக்குக் கட்டினது அது?"

"யானை போற பாதைன்னு ரஹீம் நானாதான் கட்டினார். துணி இருக்கிற பக்கம் கூடாரம் போட வேணாம், ஆபத்துன்னு சொன்னார்."

எனக்கு இரத்தம் ஏறியது. செத்த பிறகும் உன் பொய் நிற்கிறது, உன்னைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

"எந்த ஆனை? நாப்பது வருசமா இந்தக் காடு எனக்குத் தெரியும் தம்பி. ஒரு ஆனையும் அங்கால வராது. ஆனை இறங்கிறது அக்கரையில. அவன் உங்களுக்குப் பொய் சொல்லிப்போட்டான்."

மனேச்சரின் முகம் மலர்ந்தது. "அப்ப அந்த இடம் பயமில்லாத இடம்தானே? நல்லதாப் போச்சு அண்ணன். குளம் அங்க இருந்துதான் வடிவாத் தெரியுது" என்றான். அளவு நாடாவை எடுத்துக்கொண்டு இரண்டு பேரோடு நேராக என் காணிக்குள் இறங்கினான். அடுத்த பருவத்துக்கு எட்டுக் கூடாரம் போடலாம், கந்தோருக்கு இந்தக் கிழமையே எழுதலாம் என்று கதைத்துக்கொண்டு போனார்கள்.

நான் ஒன்றும் விளங்காமல் அடுப்படிக்குப் போனேன். சூசை அண்ணன் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்.

"அவங்கள் ஏன் என்ர காணிக்கை போறாங்கள்?" என்று கேட்டேன்.

அவர் துருவலை நிறுத்தினார். "என்ன, துணியை நீர் அவிட்டனீரோ? ஏன் காணும்? உம்மட காணியைக் காப்பாத்தத்தானே அந்த மனிசன் அதைக் கட்டினது. இவர் வேலைக்கு வந்த நாளிலயே மனேச்சர் அந்த இடத்தைத்தான் கேட்டவன். இவர்தான் ஆனைத் தடம் எண்டு பொய் சொல்லி மறிச்சவர். உமக்குத் தெரியும் எண்டெல்லோ நான் நினைச்சனான்."

ரஹீம், அப்படியே மாப் பையின் மேல் இருந்துவிட்டேன். நீ பொய் சொல்கிறாய் என்று சரியாகப் பிடித்தவன், யாருக்குச் சொல்கிறாய் என்று ஒருதரம் யோசிக்கவில்லை. நுணலும் தன் வாயால் கெடும்.

எழும்பி ஓடினேன். மனேச்சரைப் பிடித்து, "தம்பி, நான் பிழையாச் சொல்லிப்போட்டன். ஆனை வாறது. மாரியில வாறது" என்றேன்.

அவன் என்னை மேலும் கீழும் பார்த்தான். "கொஞ்சம் முந்தி வராதுன்னு அடிச்சுச் சொன்னீங்க. இப்ப வருதுங்கிறீங்க. ரஹீம் நானா ஒரு நாளும் இப்படி மாத்திப் பேசினதில்ல அண்ணன்." சந்தேகப்படுகிறவனின் முகம் எப்படி இருக்கும் என்று அன்றுதான் எதிரே நின்று பார்த்தேன்.

வீட்டுக்குப் போகவில்லை. நேரே உன் வீட்டுக்குப் போனேன். ஜெசீமா ஆட்டுக்குக் குழை கட்டிக்கொண்டிருந்தாள். படலைக்கு வெளியே நின்றே எல்லாவற்றையும் சொன்னேன். தேத்தண்ணிக் கடையில் சொன்னது, மண் போடும்போது நினைத்தது, துணி அவிழ்த்தது, ஒன்றும் மறைக்கவில்லை. அவள் கையிலிருந்த குழையைக் கட்டி முடித்தாள். நான் ஒன்று மட்டும் கேட்டேன்.

"அவன் ஏன் எனக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்ல, தங்கச்சி?"

"நானும் கேட்டனான் அண்ணன். ஊரெல்லாம் உங்களைப் பற்றிக் கதைக்குது, குணா அண்ணனிட்ட உண்மையைச் சொல்லுங்கோவன் எண்டு. அதுக்கு அவர் சொன்னவர், 'குணாவிட்ட மட்டும் சொல்லப்படாது. காட்டைப் பற்றி ஒருத்தன் பிழையாச் சொன்னா அவனால பொறுக்கேலாது. கம்பனிக்காரனிட்ட போய்த் திருத்திப்போட்டுத்தான் வருவான்' எண்டு."

எனக்குச் சிரிப்பு வந்தது மச்சான். சிரித்துக்கொண்டிருக்கும்போதே அழுகையாகிவிட்டது. உன் படலையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதேன். எட்டு மாதம் நான் உன் மேல் பட்ட சந்தேகம் எல்லாம் பிழை. நீ என் மேல் பட்டது ஒரே ஒரு சந்தேகம், அது அச்சொட்டாகச் சரி.

காணி விசாரணைக்கு இப்போது கடிதம் வந்திருக்கிறது. வருகிற புதன்கிழமை. கம்பனியும் வரும். என்னிடம் பத்திரம் இல்லை. அந்த நிலத்தில் நான்தான் பயிர் செய்தேன் என்று சொல்ல நீ ஒருத்தன் இருந்தாய். யாரைக் கூட்டிப்போவது என்று தெரியாமல் நின்றபோது ஜெசீமாவே சொன்னாள்.

"நான் வாறன் அண்ணன். எள்ளு உலுப்பிற நாளில உங்கள் ரெண்டு பேருக்கும் சோறு கொண்டந்தது நான்தானே. எந்த மரத்துக்குக் கீழ இருந்து திண்டனீங்கள் எண்டும் சொல்லுவன். நீங்கள் கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கோ. மிச்சத்தை நான் கதைக்கிறன்."

நான் ஏசித் திரிந்த மனிசனின் பெண்சாதி, நாலு மாதமும் பத்து நாளும் வீட்டுக்குள் இத்தா இருந்து முடித்து முதல் முதலாக வெளியே வருவது எனக்குச் சாட்சி சொல்ல. இதை எந்த முகத்தோடு ஏற்பது என்று எனக்குத் தெரியவில்லை. ஆனாலும் ஓம் என்றேன்.

காணி கிடைக்குமோ தெரியாது. கந்தோர்க்காரரை நம்ப இன்னும் என் மனம் இடம் கொடுக்கவில்லை. கம்பனியைச் சொல்லவே வேண்டாம். அது என் பிறவிக் குணம், போகாது. ஆனால் உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். தேத்தண்ணிக் கடையில் தொடங்கிச் சங்கக்கடை வரிசை வரைக்கும், உன்னைப் பற்றி நான் யார் யாரிடம் என்ன என்ன சொன்னேனோ, அத்தனை பேரிடமும் என் காலால் நடந்து போய், அது பிழை என்று சொல்லுவேன். நேற்று நாலு பேரிடம் சொல்லியாகிவிட்டது. பிழையாய்ச் சொன்னதைத் திருத்தாமல் குணாவால் இருக்க முடியாது என்று நீதானே சொன்னாய்?

ஒருத்தரையும் விடாமல் திருத்திவிட்டு வருகிற,
உன் மச்சான்,
குணசீலன்