நிறம் மட்டும் மாற்றலாம்

பிப்ரவரி 16

இரண்டு போன் திரையிலும் ஒரே நேரத்தில் பூ கொட்டியது. அதைத்தான் முதலில் பார்த்தேன். ஒரே கல்யாண மண்டபம், ஒரே தேதி. இரண்டு கையாலும் பதிவுப் பொத்தானை ஒன்றாக அழுத்தியிருந்தேன். "வாழ்த்துகள், மண்டபம் உங்களுக்கே" என்று இரண்டு போனும் சொல்கின்றன! பத்தாவதோடு நின்ற எனக்கு இந்த ஆபீசில் வேலையே ஆப்பை இப்படி அழுத்திப் பார்ப்பதுதான். புரோகிராம் எழுதும் முத்தமிழ் அண்ணனிடம் காட்டினேன்.

"ரெண்டே வரி ஜெனிஷா. நாளைக்குள்ள சரி பண்ணிடுறேன்."

பிப்ரவரி 17

சரி செய்துவிட்டார். ஆனால் ஆப்பில் சேர்க்க முடியாது. சோதனைக் கட்டம் நேற்றோடு முடிந்து, இன்று ஆப்பைப் பூட்டிவிட்டார்களாம். இனி எதை மாற்றினாலும் மேனேஜர் பிலோமின்ராஜ் சார் விதிவிலக்கு தர வேண்டும்.

பிப்ரவரி 18

சாம்பல் புதன். சார் நெற்றியில் சாம்பலோடு வந்தார்.

"ஒரே செகண்ட்ல ரெண்டு பேரு எப்படிம்மா அழுத்துவாங்க? அடுத்த ரிலீஸ்ல பாத்துக்கலாம்."

இனி ஈஸ்டர் வரை தவக்காலம், கல்யாணம் இல்லை. ஈஸ்டருக்குப் பிந்தைய தேதிகளுக்கான முன்பதிவு மார்ச் 1 ஞாயிறன்று, பூசை முடிந்து பத்து மணிக்கு ஆப்பில் திறக்கும். கல்யாண வீடெல்லாம் அந்த நிமிடத்துக்குத்தான் காத்திருக்கின்றன. எங்கள் வீடும். டெல்பின் அக்கா கல்யாணத்துக்குப் பங்குச் சாமியார் கொடுத்தது இரண்டே தேதி— ஏப்ரல் 13, இல்லையென்றால் 18. மாப்பிள்ளை 20ஆம் தேதி குவைத்துக்குத் திரும்ப வேண்டும். 13 என்றால் ஒரு வாரமாவது சேர்ந்திருக்கலாம் என்பது அக்காவின் ஆசை.

இதையெல்லாம் சொல்ல வாய் திறந்தேன். "சரிங்க சார்" என்றுதான் வந்தது.

பிப்ரவரி 20

இன்று கிடைத்த விதிவிலக்குகள்: காலையில் பொத்தானுக்கு ரோஸ் நிறம்— சாரின் மனைவிக்குப் பச்சை பிடிக்கவில்லை. மாலையில் மறுபடி பச்சை— மண்டப ஓனருக்கு ரோஸ் பிடிக்கவில்லை. நடுவில், கொட்டும் பூவில் மல்லிகை சேர்க்க ஒன்று. "நிறந்தானே, மாத்திக்க" என்று சார் படிக்காமலே கையெழுத்துப் போடுகிறார்.

பிப்ரவரி 23

கண்ணை மூடினா, மேடையில் அக்கா நிக்கிறா. பக்கத்துலயே வேற ஒரு பொண்ணும் மாலையோட நிக்குது. நினைச்சா சிரிப்பும் வருது, பயமாவும் இருக்கு. யாருகிட்ட சொல்ல? எனக்குப் பேசவே வரலையே.

பிப்ரவரி 24

பேசவில்லை. விதிவிலக்கு கேட்டு சாரிடம் எழுதிக் கொடுத்தேன்: "ஒருவர் அழுத்தியதும் மற்ற எல்லாருக்கும் பொத்தான் சாம்பல் நிறமாகி, வேலை செய்யாமல் நிற்க வேண்டும்."

"சாம்பலா? தவக்காலத்துக்குப் பொருத்தமா இருக்கும். நல்ல ரசனைம்மா ஒனக்கு!" கையெழுத்து.

முத்தமிழ் அண்ணன் மானிட்டருக்குப் பின்னால் தலையை மறைத்துக்கொண்டு, அந்த இரண்டு வரியையும் சேர்த்தார்.

மார்ச் 1

பூசை முடிந்து கோயில் வாசலிலேயே ஆப்பைத் திறந்தேன். சுற்றி எத்தனை போன்! அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டாள்.

"அழுத்துடி, அழுத்துடி!"

பத்து மணி. ஏப்ரல் 13ஐ அழுத்தப் போனேன். விரல் படுவதற்குள் பொத்தான் சாம்பலானது. கொஞ்சம் தள்ளி யாரோ கைதட்டினார்கள்.

"என்னடி, பூவே காணும்?"

18ஐ அழுத்தினேன். மல்லிகையோடு பூ கொட்டியது.