முதல் பாட்டில்

பிப்ரவரி 3

அன்புள்ள அக்காவுக்கு,

நாங்கள் சௌக்கியம். நீயும் அப்படித்தான் என்று வைத்துக்கொள்கிறேன், நீயாகச் சொல்லப் போவதில்லை. போனில் பிடித்தால் “வேலையா இருக்கேன், அப்புறம் கூப்பிடறேன்” என்று வைத்துவிடுகிறாய். கடிதத்திடம் அப்படிச் சொல்ல முடியாதே, அதனால் எழுதுகிறேன்.

ஆரஞ்சுச் சாறு கம்பெனி ஒருவழியாக ஓடுகிறது. தொட்டியிலிருந்து நிரப்பும் மேசைக்கு வரும் குழாய் ஒழுகி ஒழுகி உயிரை வாங்கிக்கொண்டிருந்தது. பழைய சாமான் கடையில் நல்ல கனமான பித்தளைக் குழாய் கிடைத்தது. போன வருஷக் கடைசியில் மாட்டினேன், இன்றுவரை ஒரு சொட்டு ஒழுகவில்லை.

என் பெண், உன் மருமகள் குட்டி ஒன்றாம் வகுப்பில் அமர்க்களம் செய்கிறாள். தினமும் காலையில் நிரம்பும் முதல் பாட்டில் அவளுக்குத்தான், விற்பனைக்கு இல்லை. “ராணிக்குக் கப்பம் கட்டியாச்சா?” என்று அவள் அம்மா கிண்டல் செய்கிறாள். குட்டி கொஞ்ச நாளாக வயிறு வலிக்கிறது என்கிறாள். பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போடும் வலி என்று டாக்டர் சிரிக்கிறார்.

எப்போது வருகிறாய்?

உன் தம்பி

பிப்ரவரி 12

என் அருமைத் தம்பிக்கு,

திட்டு கிடைத்தது. பத்திரமாக வைத்துக்கொண்டேன்.

எங்கள் உணவுப் பரிசோதனை ஆய்வகத்தில் இந்த வாரம் முழுக்கப் பழச்சாறுதான். எங்களிடம் வரும் பாட்டிலில் பெயர் இருக்காது, எண் மட்டும்தான். யாருடையது என்று தெரிந்தால் எங்கள் மனம் ஒரு பக்கம் சாய்ந்துவிடுமாம். கூடவே சுத்தமான தண்ணீரையும் மெஷினில் ஓட்டுவோம். அதிலும் ஏதாவது காட்டினால் அழுக்கு எங்கள் பக்கம் என்று அர்த்தம்.

ஒரு பாட்டிலில் காரீயம், அந்த விஷ உலோகம், ஏகத்துக்கு இருந்தது. நம்பாமல் திரும்பத் திரும்ப ஓட்டினேன். தண்ணீர் சுத்தமாக இருந்தது, சாறுதான் இல்லை. அதிலிருந்து எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. எந்த வீட்டுக் குழந்தை அதைக் குடிக்கிறதோ என்று நினைப்பு அங்கேயே போய் நிற்கிறது. டீயைக் கலந்து வைத்துவிட்டுக் குடிக்க மறக்கிறேன்.

வயிற்றுவலிக்காரியிடம் சொல், சின்ன வயதில் கணக்குப் பரீட்சை அன்றைக்கு மட்டும் அத்தைக்கும் வயிறு வலிக்கும். லீவு கிடைத்ததும் வருகிறேன்.

அன்புடன்
அக்கா

மார்ச் 2

அக்கா,

நோட்டீஸ் வந்திருக்கிறது. என் சாற்றில் காரீயமாம், விற்கக் கூடாதாம். அறிக்கையின் அடியில் உன் கையெழுத்து.

போன மாதம் ஒரு நாள் கம்பெனியைத் திறக்கும்போதே உணவுத் துறை அதிகாரி வாசலில் நின்றார். முதலில் இறங்கிய பாட்டில்களை அப்படியே எடுத்துக்கொண்டு போனார். குட்டியின் பாட்டிலும் அதோடு போய்விட்டது. அவள் அழுதுகொண்டே பள்ளிக்கூடம் போனாள்.

பழம் நல்ல பழம், தண்ணீர் நல்ல தண்ணீர். காரீயம் எங்கிருந்து வரும்? ஊருக்கெல்லாம் சோதனை செய்கிறவள் தம்பிக்கு ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? இனி போன் செய்யாதே, எடுக்க மாட்டேன்.

தம்பி

மார்ச் 6

தம்பிக்கு,

அது உன்னுடையது என்று எனக்குத் தெரியாது. போன கடிதத்தில் யார் வீட்டுக் குழந்தையோ என்று எழுதினேனே, அதை எழுதும்போதும் தெரியாது. தெரிந்திருந்தாலும் காரீயத்தின் அளவை மாற்றி எழுதியிருக்க மாட்டேன். இதைச் சொல்லாமல் மறைத்தால் நான் உனக்கு அக்கா இல்லை.

அது என் தம்பி கம்பெனி என்று மேலதிகாரியிடம் சொல்லிவிட்டேன். இனி அந்த ஃபைலை நான் தொட முடியாது. நீ வேறு ஆய்வகத்தில் சோதித்துக்கொள்ளலாம், அது உன் உரிமை. போனை எடுடா.

அக்கா

மார்ச் 19

அக்கா,

சோதித்தாயிற்று. தொட்டியை நிரப்பி, காலையிலிருந்து விடாமல் ஓட்டி, மத்தியானம் என் கையாலேயே பாட்டில் பிடித்துத் தனியார் ஆய்வகத்துக்கு அனுப்பினேன். சுத்தம். காரீயம் என்ற பேச்சே இல்லை. உங்கள் மெஷின்தான் தப்பு என்று நீயே எழுதிக் கொடு. எழுதாவிட்டால் இந்த வீட்டுப் பக்கம் வராதே.

விற்கத்தானே தடை? குட்டிக்கு இன்றும் காலையில் கம்பெனியைத் திறந்து ஒரு பாட்டில் பிடித்துக் கொடுத்துவிட்டுத்தான் மறுவேலை. விஷமென்றால் பெற்ற பெண்ணுக்குக் கொடுப்பேனா? அவள்தான் இப்போது சரியாகச் சாப்பிடுவதில்லை, எதற்கெடுத்தாலும் தட்டைத் தள்ளிவிடுகிறாள். வீட்டில் இருக்கும் கடுப்பு அவளையும் பிடித்துக்கொண்டது. அதுவும் உன்னால்தான்.

தம்பி

மார்ச் 22

தம்பி,

கோபத்தை அப்புறம் வைத்துக்கொள். இதை நின்ற இடத்திலேயே படி.

உன் சோதனையும் சரி, என் சோதனையும் சரி. காரணம் நீ மாட்டிய அந்தப் பித்தளைக் குழாய்தான். பழைய பித்தளையில் காரீயம் கலந்திருக்கும். புளிப்பான சாறு ராத்திரி முழுக்க அதில் தேங்கி நின்று அதைக் கரைத்துக்கொள்கிறது. காலையில் முதலில் இறங்குவது அந்தச் சாறுதான். அதிகாரி எடுத்தது அதை. காலையிலிருந்து விடாமல் ஓடினால் அது குழாயிலிருந்து கழுவிக்கொண்டு போய்விடும், மத்தியானம் நீ பிடித்தது அந்தச் சுத்தமான சாறு.

முதல் பாட்டிலை யார் குடிக்கிறார்கள் என்று நீதான் எனக்கு எழுதினாய். இப்போது கம்பெனி ஓடவில்லை, அந்த ஒரு பாட்டிலுக்குத்தான் குழாயைத் திறக்கிறாய். வயிற்றுவலி, சாப்பிடாதது, எரிச்சல் எல்லாம் காரீயத்தால் வரக்கூடியவை. நான் இதே வேலையில் இருந்துகொண்டு பரீட்சை, கிண்டல் என்று எழுதினேன். என்னை நானே மன்னிக்க முடியவில்லை.

நீ எடுக்க மாட்டாய் என்று உன் பெண்டாட்டிக்குப் போன் செய்து சொல்லிவிட்டேன். இனி ஒரு வாய்கூடக் கொடுக்கக் கூடாது. ரத்தத்தில் காரீயம் இருக்கிறதா என்று உடனே பார்க்கச் சொல். என் மேல் வழக்குப் போடு, முகத்தில் முழிக்காதே, எல்லாம் சரி. குழந்தையை மட்டும் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போ.

அக்கா

மார்ச் 31

அன்புள்ள அக்காவுக்கு,

ரத்தத்தில் இருக்கிறது. அளவுக்கு மேலேயே இருக்கிறது. பாட்டிலை நிறுத்தியதால் மெல்ல இறங்கும், விடாமல் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும் என்கிறார் புது டாக்டர். ஒன்றும் ஆகாது என்று சொல்லச் சொல்லிக் கேட்டேன். அவர் சொல்லவில்லை.

குழாயைக் கழற்றிவிட்டேன். சாறு வாங்கிய கடைகளுக்கெல்லாம் நானே போய்ச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். திட்டுகிறார்கள், நின்று கேட்டுக்கொள்கிறேன். வீட்டுக்கு வந்தால் உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை. தினமும் மூடியைத் திறந்து கொடுத்தது இந்தக் கைதான் அக்கா. அவள் வேண்டாம் என்ற நாளிலும் கெஞ்சிக் குடிக்க வைத்தேன்.

இன்று காலையில் குட்டி கேட்டாள், “அப்பா, என் பாட்டிலை ஏன் நிறுத்திட்டீங்க? நான் என்ன தப்பு பண்ணேன்?”

அவளைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு வந்து இதை எழுதுகிறேன். அவளுக்குப் பதிலை நீ வந்து சொல்லு. அதற்கு முன்னால் ஒருமுறை போன் பண்ணு, எடுக்கிறேன்.

உன் தம்பி