விலகும் எல்லையில் ஒரு வீடு

சுருவில்,
18.01.2024

அன்பின் அத்தான் அறிய,

நான் சுகம். நீங்களும் சுகம் என்பதைச் செய்தி பார்த்த பிறகு நம்ப முடியவில்லை. ஐஸ்லாந்தில் நீங்கள் வேலை செய்யும் ஊரிலேயே நிலம் பிளந்து நெருப்பு வருகிறதாம். தொலைபேசியில் கேட்டால், "ஓம், சாப்பிட்டனான், நீர் பயப்படாதையும்" என்று முடித்துவிடுகிறீர்கள். அதனால்தான் கடிதம். ஒளிக்காமல் எழுதுங்கள்.

மீன் தொழிற்சாலை ஒப்பந்தம் ஆனியில் முடிகிறதல்லவா? புதுப்பிக்காமல் வந்துவிடுங்கள். எங்கள் தீவு புவித்தகடுகளின் எல்லைகளிலிருந்து வெகுதூரத்தில் இருக்கிறது. புவியியல் படிப்பிக்கிறவள் சொல்கிறேன்.

உங்கள் நிலாந்தி


ஐஸ்லாந்து,
10.02.2024

அன்பின் நிலாந்தி,

உண்மையைச் சொன்னால், முதலில் பயந்துதான் போனேன். இப்போது எங்களைத் தூரத்தில் குடியமர்த்தியிருக்கிறார்கள். அங்கிருந்து பார்த்தேன். நிலம் நீளமாகக் கிழிந்து, வேலி அடைத்தது போல நெருப்பு வரிசையாக நின்றது. பக்கத்தில் நின்ற எங்கள் மேற்பார்வையாளர் தொப்பியைக் கழற்றினார். அந்தக் குளிரில் நானும் கழற்றினேன்.

எரிமலைக் குழம்பு ஆறிய இடத்தில் கரிய மேடொன்று கிடக்கிறது. இரண்டு தகடுகள் மோதி எழுந்த மேடு. முன்பு இல்லாத நிலம், நிலாந்தி! இதை விட்டுவர மனமில்லை. நீர் இங்கே வாரும் என்று இரண்டு வருடமாகக் கேட்கிறேன். விசாவுக்கு இன்னும் ஓம் சொல்லவில்லை நீர்.

உம்முடைய ரஜீபன்


சுருவில்,
04.03.2024

அன்பின் அத்தான்,

மோதி அல்ல, விலகி. என்னோடு ஒரே வகுப்பில் கடைசி வாங்கில் நித்திரை கொண்டவர் வேறென்ன எழுதுவார்? இரண்டு கண்டத் தகடுகள் மோதினால் இமயம் போல மடிந்து உயரும். கடல் தகடு கீழே அமிழ்ந்தால் ஆழ்கடல் அகழியும் ஜப்பான் போல எரிமலைத் தீவுகளும் வரும். உரசிக்கொண்டு போனால் நிலநடுக்கம்தான், எரிமலை இல்லை. உங்களுடையது விலகும் எல்லை. பிளவில் குழம்பு ஏறிப் புது நிலமாகிறது.

உங்கள் கடிதத்தின் நெருப்புப் பகுதியை மட்டும் வகுப்பில் வாசித்தேன். பவதாரணி என்ற பிள்ளை, "டீச்சர், நீங்கள் இதை நேரில பாத்தனீங்களோ?" என்று கேட்டாள். இல்லையென்றேன். இத்தனை வருடமும் கரும்பலகையில் அம்புக்குறி போட்டதுதான். அன்று முழுவதும் உங்கள் மேல் பொறாமையாக இருந்தது. ஆனாலும் பயம் போகவில்லை. வந்துவிடுங்கள்.

நிலாந்தி


ஐஸ்லாந்து,
30.03.2024

அன்பின் நிலாந்தி,

டீச்சர் சொன்னால் சரிதான். நேற்று விலகிய நிலத்தைப் பார்க்கவென்றே போனேன். இரண்டு பக்கமும் கற்சுவர். நடுவில் கோவில் வீதி அகலத்துக்குப் பள்ளம். தகடுகள் வருடத்துக்கு இரண்டு சென்ரிமீற்றர் விலகுகின்றனவாம். எவ்வளவு பொறுமையாக இவ்வளவு பெரிய வேலை!

நடுவில் நின்றபோது உம்மைத்தான் நினைத்தேன். ஆறு வருடமாக நீர் அங்கே, நான் இங்கே. நீர் பயந்துகொண்டிருக்க நான் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருப்பது சரியில்லை. சித்திரை முடிந்ததும் புது ஒப்பந்தம் வேண்டாமென்று சொல்லிவிடுகிறேன்.

ரஜீபன்


சுருவில்,
22.04.2024

அன்பின் அத்தான்,

நேற்றுத் தொலைபேசியில் சொன்னதை நீங்கள் நம்பவில்லை. எழுத்திலும் தருகிறேன், ஒப்பந்தத்தைப் புதுப்பியுங்கள். விசாவுக்கு ஓம். சம்பளமில்லாத விடுமுறைக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். என் வகுப்பைப் புதிதாக வந்த ஆசிரியை எடுப்பார்.

பயம் போய்விட்டதென்று நினைக்காதீர்கள். அப்படியேதான் இருக்கிறது. இங்கே தனியாக இருந்து பயப்பட இனி என்னால் ஏலாது. உங்கள் பக்கத்தில் நின்று பயப்படுகிறேன்.

உங்கள் நிலாந்தி